பூனைகள் பரிசோதித்த கார்

இன்று காலை ஒரு பழைய சின்னக் கார் பார்த்தேன். ஐந்து ஸ்ரீ என்று தொடங்கும் பழைய காலத்து நம்பர், வெள்ளை நிறம். தரகர் கல்முனையில் எங்கள் வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்தார்.

மூத்த மகளுக்கு மூச்சு இழுப்பு வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் கார் தேடி ஓடி அலுத்துவிட்டேன்.

"ஒரு மாஸ்டர்ர கார், காக்கா. ஸ்கூலுக்கும் ஊட்டுக்கும்தான் ஓடின" என்றார் தரகர்.

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காருக்கு அடியில் மூன்று பூனைகள் வந்து படுத்துவிட்டன. சந்தேகம் வந்து, பின்பக்கத்தில் விரித்திருந்த றப்பர் விரிப்பைத் தூக்கினேன். உப்புத் தண்ணீர் தின்ற தகட்டின் ஓட்டை வழியே ஒரு பூனை என்னைப் பார்த்தது.

தரகர் தலையைச் சொறிந்தார். "மீன் யாவாரிர கார்தான், காக்கா. ஆறு வருசமா அம்பாறைக்கு மீன் ஏத்தின."

சாவியைத் திருப்பி நீட்டினேன். அதற்குள் மனைவி கதவருகில் நின்று கேட்டாள்: "வழியில எப்பயாச்சும் நிண்டிருக்கா?"

"ஒருநாளும் இல்ல, ராத்தா. நிண்டா மீன் பழுதாப் பெய்த்திருமே."

"அப்ப எஞ்சின் நல்லம். தகட்ட வெல்டிங் வெச்சிக்கலாம், எடுங்க" என்றாள் என்னிடம்.

எஞ்சின் செய்கிற செலவோடு பார்த்தால் தகட்டு வேலை ஒன்றுமேயில்லை. தரகர் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் விலையை இன்னும் கூட்டிக் கேட்டிருக்கலாம்.

கார் இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது. மீன் வாடை போக வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பூனைகளும் விலையில் சேர்த்தியா என்று தரகரிடம் கேட்க மறந்துவிட்டேன்.