ஒரு முழு எலுமிச்சம்பழம்

அடுக்களையில் மகள் எலுமிச்சம்பழம் பிழிகிறாள். அந்த வாசனை வந்ததும் என் கன்னம் எரிகிறது, நாற்பது வருஷம் கழித்தும். "மூஞ்சியில பூசிக்கிட்டு வெயில்ல போயிடாத" என்கிறேன். சிரிக்கிறாள்.

கடத்தூரில் எங்கள் எதிர்வீடு ஷமீமுடையது. வளையல் கடை வைத்திருந்த அவள் அத்தா, எனக்குப் பதினொரு வயதானபோது, கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூர் போக முடிவெடுத்தார். போகுமுன் ஸ்டூடியோவில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வதாக இருந்தது. அவள் நல்ல சிவப்பு. அவள் பக்கத்தில் நின்றால் கறுப்பான என் முகம் படத்தில் விழவே விழாது என்று பயந்தேன். முதல்நாள் ஒரு முழுப் பழத்தை முகத்தில் அழுத்தித் தேய்த்து, சாறு நன்றாக ஊறட்டும் என்று உச்சி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தபோது கன்னமெல்லாம் சிவந்து, திட்டுத் திட்டாகக் கொப்பளித்திருந்தது. பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு ஷமீம் வந்தாள்.

"அய்யோ, மூஞ்சிக்கு என்னாடி ஆச்சு?"

"நான் வரல. நீ போய் எடுத்துக்க."

"நீ இல்லாம எனக்கெதுக்குடி போட்டோ?"

அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பச்சை ரிப்பன் வருகிறது, கண்ணாடி வளையல் குலுங்கும் சத்தம் வருகிறது. அவள் முகம் மட்டும் வருவதே இல்லை.

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"போட்டோவுல கறுப்பா இருந்தா என்னாடி, கிறுக்கி? அது நீதான்னு எனக்குத் தெரியாதா?"