இனிஷியல் ஆகிப்போன கங்கப்பன்

கங்கப்பனுக்கு லேசர் என்றால் என்னவென்று தெரிந்தபோது அவனுக்கு வயது இருபத்தாறு. அதுவரை அவன் பார்த்த வெளிச்சமெல்லாம் பர்கூர் கல்குவாரியில் கண்ணைக் குத்தும் வெயிலும் வீட்டுச் சிம்னி விளக்கும்தான். 1986-ல் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கேஷுவல் லேபராகச் சேர்ந்தான். குழாயில் ஓடுகிற எண்ணெய், பால், ரசாயனம் எல்லாவற்றையும் அளக்கும் மீட்டர் செய்கிற கம்பெனி அது. கேஷுவல் என்றால் ஏழு மாதம் வேலை, அப்புறம் ‘பிரேக்’ என்று சொல்லி ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொடர்ந்து வைத்துக்கொண்டால் நிரந்தரம் பண்ணச் சொல்லிக் கேட்டுவிடுவானே என்ற பயம் அவர்களுக்கு. ஆறு வருஷத்தில் எட்டு பிரேக் பார்த்தவன் கங்கப்பன்.

அந்தக் கம்பெனியில் புதிதாக ஒரு மீட்டர் செய்துகொண்டிருந்தார்கள். குழாயில் கண்ணாடி ஜன்னல் வைத்து, அதன் வழியாக ஊசி கனத்தில் ஒரு சிவப்பு வெளிச்சத்தை உள்ளே விடுவார்கள். திரவத்தில் மிதக்கும் தூசு அந்த வெளிச்சத்தைக் கடக்கும்போது மினுக்கும். அந்த மினுக்கலை வைத்துத் திரவம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று மீட்டர் சொல்லிவிடும். சொல்லவேண்டும். ஆனால் அது ஒரு நாள் சொன்னதை மறுநாள் சொல்லவில்லை. நூறு லிட்டர் ஓடினால் நூற்றெட்டு என்றது, நூற்றுப் பன்னிரண்டு என்றது. இன்ஜினியர்கள் வெளிச்சத்தை மாற்றினார்கள், கண்ணாடியை மாற்றினார்கள், கடைசியில் ஒருவர்மேல் ஒருவர் பழி போட ஆரம்பித்தார்கள்.

குழாய்க்குப் பக்கத்தில் துணியோடு நின்று எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த கங்கப்பன்தான் ஒரு நாள் வாயைத் திறந்தான்.

“சார், அது தூச எண்ணல. காத்த எண்ணுது. மோட்டார் போட்டா மொதல்ல காத்துதான சார் வரும்? எங்க ஊர்ல கொழாய் மேல இருக்கற மூடியத் தெறந்து, காத்த வெளிய உட்டுட்டுத்தான் தண்ணி பாய்ச்சுவோம்.”

இன்ஜினியர்கள் சிரித்தார்கள். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “செய்து காட்டு” என்றார். கங்கப்பன் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் குழாயைக் கொஞ்சம் உப்ப வைத்தான். உப்பிய இடத்தில் வேகம் குறையும், குமிழியெல்லாம் மேலே ஏறும், உச்சியில் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே போய்விடும். வெல்டிங் ஷெட்டில் கிடந்த கழிவுக் குழாயிலேயே செய்தான். பார்க்க வயிறு போட்ட ஆள் மாதிரி இருந்ததால் ஷெட்டில் எல்லோரும் அதைத் ‘தொப்பை’ என்றே சொன்னார்கள். தொப்பை வைத்த மீட்டர் நூறை நூறு என்றே சொன்னது. மறுநாளும் சொன்னது.

அந்தத் தலைவர் பிறத்தியான் உழைப்பில் தன் பெயரை ஒட்டிக்கொள்ளத் தெரியாத மனிதர். அப்படியும் சில பேர் இருக்கிறார்கள். “காப்புரிமை கம்பெனிக்குத்தான். ஆனால் கண்டுபிடித்தவன் என்று உன் பெயர்தான் போகும். அது வந்ததும் உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லிவிட்டேன்” என்றார். சொன்ன கையோடு பம்பாய் ஹெட் ஆபீசுக்கு மாற்றலாகிப் போனார், அடுத்த வருஷமே ஓய்வும் பெற்றுவிட்டார். கங்கப்பன் நாலு வருஷம் காத்திருந்தான். பெண் கொடுத்த வீட்டில், “மாப்பிள்ளைக்குப் பேட்டன்ட் வரப்போகுது” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். பேட்டன்ட் என்றால் ஏதோ வண்டி என்றுதான் பாதிப் பேருக்கு நினைப்பு.

1992-ல் வந்தது. பர்சனல் ஆபீசர் அழகர்சாமி, மதுரைக்காரர், காகிதத்தை நீட்டினார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தான் கங்கப்பன். ‘மிஸ்டர் கே. மாதப்பன்.’

மறுபடி படித்தான். மாதப்பன் அவன் அப்பா. பர்கூர் குவாரியில் நாற்பது வருஷமாகக் கல் உடைக்கிறவர். லேசர் என்ன, டார்ச் லைட்டைக்கூடக் கையில் பிடித்தறியாதவர்.

நடந்தது இவ்வளவுதான். காப்புரிமை விண்ணப்பம் நிரப்பிய பெங்களூர் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, “எம். கங்கப்பன்ல எம்முன்னா என்ன?” என்று போனில் கேட்டிருக்கிறான். இவன் “மாதப்பனுங்க” என்றிருக்கிறான். படிவத்தில் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம். சர்நேம் என்ற ஒன்று நம் பக்கத்தில் யாருக்காவது இருக்கிறதா? அப்பன் பெயரை ஒரே எழுத்தாக மடித்து முன்னால் வைத்துக்கொள்கிறோம், அதோடு சரி. அதெல்லாம் அந்தக் கட்டத்துக்குத் தெரியுமா? குமாஸ்தா மாதப்பனைத் தூக்கி அதில் போட்டான். ஆங்கிலக் காகிதத்தில் சர்நேம்தான் ஆளின் பெயர். மகன் இனிஷியல் ஆகிவிட்டான், அப்பன் விஞ்ஞானி ஆகிவிட்டார்.

“திருத்திடலாம்ல சார்?” என்றான் கங்கப்பன்.

“அதுக்கு எழுதிப்போட்டா வருசக்கணக்காகும்ப்பா. பம்பாயில இருந்து உனக்குப் பெர்மனென்ட் ஆர்டரே வந்துருச்சு, பாரு. இதுலயும் கே. மாதப்பன்தான். திருப்பி அனுப்புனா இந்த ஆர்டர் போச்சு. அடுத்த மாசத்தோட ஆள் எடுக்கிறதையே நிப்பாட்டப் போறாய்ங்க.” அழகர்சாமி குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு செய்யி. நீயே மாதப்பனாயிரு. நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட். இவன் என் மகன்தான், இனிமே இந்தப் பேருன்னு உங்கப்பா ஒரு கைநாட்டு வைக்கட்டும். வர்ற திங்கக்கெழம முடிச்சுருவோம். டோக்கன், கேட் பாஸ் எல்லாம் அந்தப் பேருல போட்டுருவோம்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி பாவம் நல்லவர், சாமிதான் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டது.

பேர்தானே, போகட்டும் என்றுதான் கங்கப்பனும் முதலில் நினைத்தான். ஒன்பதாவது பிரேக் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரப்போகிறது. வீட்டில் மனைவி சாந்தம்மா முழுகாமல் இருக்கிறாள். ஆனால் சமாசாரம் ஷெட்டுக்குள் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சூப்பர்வைசர் கோவிந்தப்பன் வாய்த்துடுக்குக்காரர், மனசில் ஒன்றும் கிடையாது. எல்லோரையும் ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவார். அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்.

“டேய் மாதப்பா! அந்த ஸ்பேனர எட்றா!”

எல்லோரும் சிரித்தார்கள். கங்கப்பனும் சிரித்தான். சிரித்தபடியே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். அப்புறம் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவன் மரியாதையில்லாமல் சொல்லாத பெயர் அது. யாராவது கேட்டால்கூட, “அப்பா பேரு மாதப்பனுங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வானே தவிர, சும்மா உச்சரித்ததில்லை. அந்தப் பெயரை இப்போது ஷெட் முழுக்க ‘டா’ போட்டுக் கூப்பிடுகிறார்கள், அவன் ‘என்னண்ணா’ என்று திரும்புகிறான். இனி ஓய்வு பெறும்வரை திரும்பவேண்டும். ஆத்திரமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஊருக்குச் சொல்லி அனுப்பினான். பெயர் விஷயம் எதையும் சொல்லவில்லை. “கம்பெனியில ஒரு கைநாட்டு வெக்கணும், வேல நிரந்தரம் ஆவுது” என்று மட்டும்.

திங்கட்கிழமை காலையில் மாதப்பன் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, பெட்டியிலிருந்து எடுத்த சட்டை, தோளில் புதுத் துண்டு. கேட் பக்கத்து பெஞ்சில் உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் சுவரோரம் நின்றார். கங்கப்பன் உள்ளே பர்சனல் ஆபீஸில், நோட்டரி தட்டச்சு செய்து கொடுத்த காகிதத்தின் முன்னால் பேனாவைத் திறந்து வைத்திருந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட் தெரியும், அப்பா தெரிவார். முதலில் இவன் கையெழுத்து, அப்புறம் அவரைக் கூப்பிட்டுக் கைநாட்டு.

அப்போது ஷெட் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கோவிந்தப்பன் வெளியே வந்து தொண்டை கிழியக் கத்தினார்.

“டேய் மாதப்பா! எங்கடா போய்த் தொலஞ்ச? ஓடியாடா இங்க!”

சுவரோரம் நின்ற கிழவர் துள்ளி விழுந்தார். தோளில் கிடந்த துண்டு ஒரே இழுப்பில் இடுப்புக்குப் போனது. செருப்பை அங்கேயே கழற்றிவிட்டார். “இதா வந்துட்டன் சாமீ!” என்று முதுகை வளைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஷெட்டைப் பார்த்து ஓடினார். வாட்ச்மேன் தடுப்பதற்குள் பாதித் தூரம் போய்விட்டார்.

கோவிந்தப்பன் அப்படியே நின்றுவிட்டார். எதிரே ஒரு வயசாளி கைகட்டி நிற்கிறார்.

“ஐயோ, பெரியவரே... உங்களக் கூப்புடலீங்க.”

“மாதப்பன்னு கூப்ட்டீங்களே சாமி. நாந்தாங்க மாதப்பன். இன்னா வேல செய்யணும், சொல்லுங்க.”

ஜன்னலின் இந்தப் பக்கத்திலிருந்து கங்கப்பன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா குவாரியில் எப்படி வேலை செய்கிறார் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவரை யாராவது கூப்பிட்டால் எப்படி ஓடுவார் என்று அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. மகன் கண்ணில் படாமல் அதை எப்படியோ அவர் நாற்பது வருஷம் மறைத்து வைத்திருந்திருக்கிறார். பேனாவை மூடினான்.

“போடுப்பா கையெழுத்த” என்றார் அழகர்சாமி. அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை.

“வேணாங்க சார்.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? பெர்மனென்ட்டுப்பா!”

“எங்கப்பன் பேர எங்கப்பன் மட்டும் வெச்சிருக்கட்டும் சார். அத வெச்சிக்கிட்டு அவரு பட்டதே போதும்.”

அழகர்சாமி திட்டினார், கெஞ்சினார், கடைசியில் நெற்றியில் அடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பிரேக் விட்டால் திரும்பக் கூப்பிடமாட்டார்கள் என்றும் சொன்னார். அது கங்கப்பனுக்கும் தெரியும். காப்புரிமைக் காகிதத்தின் நகல் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாசலில் கோவிந்தப்பன் நின்றிருந்தார். கிழவரின் செருப்பைக் கையில் எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தார்.

கிருஷ்ணகிரி பஸ் சூளகிரி தாண்டியதும் கிழவர் கேட்டார்.

“கைநாட்டு வெக்கச் சொல்லலியே?”

“வேல இல்லப்பா. நான் வேணாம்னுட்டன்.”

கிழவர் மகன் பக்கம் திரும்பினார். “நான் ஓடுனதாலயா? கூப்ட்டாங்கன்னு போயிட்டன்டா. தப்பா பூடுச்சா?”

“நீ ஒண்ணும் தப்பு பண்ணலப்பா.” பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தான். “நான் ஒரு தொப்பக் கொழாய் செஞ்சன் இல்ல, அதுக்கு சர்க்கார் குடுத்த காயிதம். இதுல உம் பேரு இருக்குது.”

“எம் பேரா?” அவர் காகிதத்தைத் தொடவில்லை. பயந்துபோய்ப் பார்த்தார். “எம் பேரு ஏன்டா அதுல? எப்பிடிப் போட்டிருக்கறான்?”

“மிஸ்டர் மாதப்பன்னு.”

“அப்பிடின்னா?”

“திரு. மாதப்பன். மாதப்பன் அவர்கள்.”

கிழவர் ரொம்ப நேரம் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்டுவிடக்கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார்.

“டா போடலியா?”

“போடலப்பா.”

காலையிலிருந்து இடுப்பிலேயே கிடந்த துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார் மாதப்பன்.