பூனை மேல் போட்ட பழி

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர்களுக்கு ஊசி பழக ஆறு மாதம் போதும், வாயைக் கட்டப் பழகத்தான் ஆயுசு பத்தாது. இந்தத் தொழிலில் அல்லாடும் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

நீதாம்மா டாக்டர்

எங்கள் லேப் மும்பை செம்பூரில். ரிப்போர்ட் வந்ததும் ஜனங்கள் டாக்டரைக் கூப்பிட மாட்டார்கள், என்னைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டரிடம் கேளுங்கள் என்று நழுவ வேண்டும். நானோ உட்கார்ந்து அர்த்தம் சொல்வேன். மாட்டுங்காவில் ரிட்டயரான ஒரு மாமா எனக்குப் பட்டமே கொடுத்துவிட்டார். "அந்த டாக்டர் என் மூஞ்சியக்கூடப் பாக்கறதில்ல. நீதாம்மா டாக்டர்!"

தாராவியில் ஒரு மாடி அறை

மெஹராஜுக்கு இரண்டாவது கருவும் கலைந்திருந்தது. காரணம் தேடி டாக்டர் எழுதிய டெஸ்டுகளுக்காகப் போனேன். கீழே கணவர் ரஹீம் பாயின் பெல்ட் பட்டறை, மேலே ஒற்றை அறை. தோலை எலி கடிக்காமலிருக்க வளர்த்த பூனை அவள் மடியை விட்டு இறங்கவில்லை. ஊசி குத்தியபோது அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை.

வாசலில் ரஹீம் பாய் குரலைத் தாழ்த்தினார். "உசுரோட இருக்கப் புடிக்கலன்னு சொல்லுதா, தங்கச்சி. பட்டறைக்கு எறங்காம, என்ன செய்யுதுன்னு கேட்டுக்கிட்டே பக்கத்துல கெடக்கேன்."

வாயை விட்டேன்

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி எப்போதோ உடம்பில் புகுந்ததற்கான தடம் ரிப்போர்ட்டில் இருந்தது. ரஹீம் பாய் எனக்குப் போன் செய்தார். அதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருக்கலாம், இன்னும் உறுதியில்லை என்று ஹார்பர் லைன் ரயிலில் நின்றபடி எங்கோ படித்திருந்தேன். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? "பூனையில இருந்து வர்ற கிருமி பாய், மூளைக்குப் போயிடும். அதான் அப்படிப் பேசறாங்க" என்று அடித்துவிட்டேன். அந்தத் தடம் எத்தனையோ பேருக்கு இருக்கும், அரைவேக்காட்டுக் கறியிலும் வரலாம் என்பதெல்லாம் சொல்லவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். "கிருமிதானா! எங்க மேலதான் குத்தமோன்னு பயந்துட்டேன்."

மூன்று வாரம் கழித்து

மறு டெஸ்டுக்குப் போனபோது பூனை இல்லை. சாக்கில் கட்டி வாஷி பக்கம் விட்டுவிட்டார்களாம். ரஹீம் பாய் கீழே மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தார். மெஹராஜ் மேலே தனியாக இருந்தாள். கையை நீட்டிக்கொண்டே சொன்னாள். "முந்தி அவுக தெனமும் பக்கத்துல உக்காந்து கேப்பாக. நீங்க கிருமின்னு சொன்ன பொறவு யாரும் ஒண்ணும் கேக்கலக்கா."

ஊசியை ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்டேன். அவள் அரை மணி நேரம் பேசினாள். சாகும் நினைப்பு போகவே இல்லை என்றாள். கீழே போய், நான் உளறியது தப்பு, இவளை இன்றைக்கே மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள் என்று கெஞ்சினேன். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு மாடியையே பார்த்தார். "மூணு வாரமா அவள ஒத்தைல விட்டுட்டேனே தங்கச்சி!"

மெஹராஜுக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது, நானோ ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்வதை விட்டுவிட்டு "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்கிறேன், அதில் லேட்டாகி அடுத்த வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறேன்.