இருநூற்றுப் பதினான்கு மகிழ்ச்சியான பிள்ளைகள்

ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள். அவர்களில் ஒருவருக்குக்கூட மனக்கஷ்டம் இல்லை, தூக்கம் கெடவில்லை, வாழ்க்கை வெறுத்துப் போகவில்லை என்று ஓர் அறிக்கை சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? பதினைந்து வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டிய பெண் நம்பவில்லை.

பல்கலைக்கழகத்தில் முகத்துக்கு நேரே அவரை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் விடாக்கண்டி. பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார். படித்தது புள்ளியியல். வளரும் பிள்ளைகளின் மனநலத்தை ஆராயப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்றைக்கு அவருடைய அண்ணன், "ஊர்ல இருக்கிற பைத்தியத்தையெல்லாம் எண்ணப் போறியா?" என்று சிரித்தார். "வீட்லேருந்தே ஆரம்பிக்கிறேண்ணா" என்றார் தங்கை. அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை.

பத்தொன்பது வருடங்களில் பதினோரு கணக்கெடுப்புகள். அவருடைய அறை தாழ்வாரத்தின் கடைசியில், காலொடிந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு ஸ்கேனர். அதை இயக்குகிற அக்கா, துறையில் எல்லாப் பேராசிரியர்களுக்கும் மூத்தவர். மிஷினின் குணம் மனிதர்களின் குணத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டாவது கணக்கெடுப்பின் தாள்கள் வந்தபோது அந்த அக்காதான் முதலில் முகம் சுளித்தார். "மேடம், இந்த ஒரு ஸ்கூல் தாளை மட்டும் மிஷின் துப்புது. ஒரே வரியில ரெண்டு வட்டம் நிரப்பியிருக்காம்."

விடாக்கண்டி ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒன்பதாவது கேள்வி, 'கடந்த இரண்டு வாரங்களில் உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா?' என்பது. 'ஒருபோதும் இல்லை' என்ற வட்டம் கறுப்பாக நிரம்பியிருந்தது. தாளைச் சற்றுச் சாய்த்தார். 'பல நாட்கள்' என்ற வட்டத்தில் பென்சில் அழுந்திய பள்ளம் தெரிந்தது. யாரோ எழுதி, அழித்து, மாற்றியிருந்தார்கள். அடுத்த தாளிலும் அப்படியே.

அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "உலகத்துக்கே கண்ணாடி போட்டுவிடறேன், என் வீட்டுக்காரி கண்ணைக் கெடுத்துக்கறா" என்று அலுத்துக்கொண்டே, விளக்கு வைத்த பெரிய லென்ஸ் ஒன்றைக் கடையிலிருந்து கொடுத்தார். மூன்று நாள், அந்த அக்காவும் இவரும் மாறி மாறி உட்கார்ந்து இருநூற்றுப் பதினான்கு தாள்களையும் பார்த்தார்கள். ஒன்பதாவது கேள்வியில் மட்டும் நாற்பத்தேழு பிள்ளைகள் முதலில் எழுதியதை அழித்திருந்தார்கள்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்களா என்று கண்டுபிடிப்பதற்காகத் தாளில் பெயருக்குப் பதில் இருக்கை எண் போட்டிருந்தார். அது இப்போது வேறு விதமாக உதவியது. வரைபடத்தாளில் வகுப்பறைகளை வரைந்து, அழித்த பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் எல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தார். சுவரோரம் ஆறு புள்ளிகள். மீதி நாற்பத்தொன்றும் பெஞ்சுகளுக்கு நடுவே உள்ள நடைவழியின் இரு பக்கமும். ஆசிரியர் எந்த வழியாக நடந்தார், எங்கே நின்றார், எங்கே குனிந்து பார்த்தார் என்பதை அந்தப் புள்ளிகள் போட்டுக் கொடுத்துவிட்டன.

அழிப்பான் ஒட்டிய பென்சில்களை வாங்கிக் கொடுத்தது யார்? அவரேதான். ஒழுங்குக்காக ஆசிரியர் வகுப்பில் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டது? அதுவும் அவர்தான். முந்தைய பதினோரு கணக்கெடுப்பும் இதேபோல ஆசிரியர் உள்ளே இருக்க, பேனாவில் நடந்தவை. அழிக்க வழியில்லாத அந்தப் பிள்ளைகள் நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டதும் என்ன எழுதியிருப்பார்கள்?

வீட்டில் மகள் பத்தாம் வகுப்பு. அம்மா நாற்பத்தேழு பேரைக் கண்டுபிடித்த கதையைக் கேட்டுவிட்டு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "அழிச்சவங்களைக் கண்டுபிடிச்சிட்ட, சரி. எழுதவே எழுதாதவங்களை எந்த லென்ஸ்ல பாப்ப?"

என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளை மறுபடியும் கேட்க வேண்டும். இந்த முறை பெரியவர்களின் கண்பார்வைக்கு வெளியே.

துறைத்தலைவர் கேட்டதும் கையை விரித்தார். மாவட்டத்திலேயே மகிழ்ச்சியான பள்ளி என்று அந்தப் பள்ளிக்குக் கேடயம் தர ஏற்பாடாகிவிட்டது, பாக்கி இருப்பது இவருடைய கையெழுத்து மட்டும்தான் என்றார். அழித்தது அழித்ததுதான், கடைசியாக இருக்கிற விடைதான் விடை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை நீங்க எழுதினா உங்க பழைய பதினோரு ஆராய்ச்சியும் கேள்விக்குறியாயிடும். உங்க கையாலேயே உங்க கண்ணைக் குத்திக்கிறீங்க. பேராசிரியர் பதவிக்கு உங்க ஃபைல் மேல போயிருக்கிற நேரம்" என்றார்.

"பதினோரு தடவை தெரியாம தப்பா எண்ணிட்டேன் சார். பன்னெண்டாவது தடவை தெரிஞ்சே எண்ண முடியாது."

அடுத்த நாள் பள்ளிக்கே போனார். தலைமையாசிரியரின் அறைச் சுவரில் கேடயம் மாட்டுவதற்கு ஆணிகூட அடித்தாகிவிட்டது. டீ வந்தது. மனிதர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்றுதான் சொன்னார். அதுதான் சிக்கலே. நாற்பத்தேழு என்று கேட்டதும் அவர் முகம் மாறியது.

"யார் யாருன்னு லிஸ்ட் குடுங்க மேடம். நானே கூப்பிட்டு ரெண்டு தட்டு தட்டிச் சரி பண்ணிடறேன்."

"அதுக்குப் பயந்துதான் சார் அழிச்சிருக்காங்க."

இருக்கை எண்களைத் தர முடியாது என்றார். பெயர் வெளியே போகாது என்று சொல்லித்தான் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியர் விடவில்லை. இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்பதே தப்பு, கேட்டால் இல்லாத நினைப்பும் பிள்ளைகளுக்கு வந்துவிடும் என்றார். படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒன்றுபோல நம்புகிற பொய் இது. எத்தனையோ நாடுகளில் ஆராய்ந்து பார்த்தாயிற்று. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. தனியாகத் தூக்கிச் சுமப்பதை ஒருவரிடம் சொல்ல அப்போதுதான் பிள்ளைக்கு வழி கிடைக்கிறது. பொறுமையாக இதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். தலைமையாசிரியரின் பார்வை ஆணியிலேயே இருந்தது.

அப்போதுதான் விடாக்கண்டிக்கு ஒன்று உறைத்தது. இந்த மனிதருக்கு வேண்டியது தன்னுடைய கையெழுத்து.

"சரி சார், கையெழுத்துப் போடறேன். ஒரு நிபந்தனை. இருநூத்திப் பதினாலு பேரையும் கூப்பிடணும், ஒருத்தர்கூட விடாம. அப்பதான் யாரையும் யாரும் தனியாப் பாக்க மாட்டாங்க. ஆளுக்குப் பத்து நிமிஷம். கதவு சாத்தின ரூம், உள்ள ஆலோசகர் மட்டும். உங்க ஆசிரியர் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் வரக்கூடாது. வர்ற எண்ணுக்குக் கீழ கையெழுத்துப் போடறேன். எந்த எண்ணா இருந்தாலும்."

தலைமையாசிரியர் டீயை உறிஞ்சிவிட்டுச் சம்மதித்தார். தன் பிள்ளைகள்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பெற்றோருக்குக் கடிதம் போய்ச் சம்மதம் வந்தது. நூலகத்தை நாலாகத் தடுத்து, நாலு ஆலோசகர்கள் உட்கார்ந்தார்கள். சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவி செய்யக்கூடிய பெரியவரிடம் சொல்வோம் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலிலேயே சொன்னார்கள். கணக்குப்படி இரண்டு நாள் வேலை. ஐந்து நாள் ஆயிற்று. பத்து நிமிடம் ஆகியும் எழுந்திருக்காத பிள்ளையை எழுப்பிவிட யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு பையன் முதல் ஏழு நிமிடம் மேசையைச் சுரண்டிக்கொண்டு மட்டும் இருந்தானாம். ஒரு பெண், "இதை நிஜமாவே எங்க மிஸ் படிக்க மாட்டாங்களா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு அப்புறம்தான் வாயைத் திறந்தாளாம்.

நாற்பத்தேழு இல்லை. அறுபத்து மூன்று.

மகள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதல் தாளில் 'பல நாட்கள்' வட்டத்தில் ஒரு கோடுகூடப் போடத் துணியாத பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஒன்பது பேருக்கு உடனே சிகிச்சை தேவைப்பட்டது. அந்த வாரமே அவர்கள் வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசி, மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்கள். மீதிப் பேருக்காக வாரம் இரண்டு நாள் ஆலோசகர் பள்ளிக்கே வருவதென்று எழுதி வாங்கிக்கொண்டார் விடாக்கண்டி.

பிறகு, சொன்ன சொல் தவறாமல், அறுபத்து மூன்று என்ற எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

தலைமையாசிரியர் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே மேடம்."

"எந்த எண்ணா இருந்தாலும்னு சொன்னேனே சார். நீங்க டீ குடிச்சிட்டு இருந்தீங்க."

கேடயம் வேறொரு பள்ளிக்குப் போயிற்று. அங்கே கணக்கெடுத்தது வேறொரு குழு. இருநூற்று நாற்பது பிள்ளைகள், ஒருவருக்குக்கூட மனக்கஷ்டமில்லை, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் காவல். பத்திரிகையில் படம்கூட வந்தது. விடாக்கண்டிமேல் புகார் போயிற்று. பிள்ளைகளின் மனதைக் கலைத்தாராம். பேராசிரியர் பதவிக்கான ஃபைல் மேலே போன வேகத்தில் கீழே வந்தது. அதே மாதம் அவர் தன் பதினோரு ஆராய்ச்சிகளுக்கும் திருத்தக் குறிப்பு எழுதி வெளியிட்டார். பிள்ளைகள் எழுதும்போது பெரியவர்கள் அறையில் இருந்தார்கள், இந்த எண்களை முழுமையாக நம்ப வேண்டாம், தவறு என்னுடையது என்று மூன்றே வரி. சக ஆராய்ச்சியாளர்களில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய எண்களும் அப்படித்தானே எடுக்கப்பட்டவை.

இப்போது அவருக்கு வயது ஐம்பத்து நாலு. இன்னும் இணைப்பேராசிரியர்தான். ஆசிரியர்கள் வெளியே போய்க் கதவைச் சாத்தும்வரை தாளைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். இந்த வருடம் மட்டும் மூன்று பள்ளிகள் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கின்றன. மூன்றுக்கும் மறுபடி போகத் தேதி குறித்து வைத்திருக்கிறார்.

வாசலில் ஒற்றை ஆளாக நிற்கிற ஆராய்ச்சியாளரைத் திருப்பி அனுப்புவது சுலபம். பெற்றோரை அப்படி அனுப்ப முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளை படிக்கிற பள்ளிக்கும் இப்படி ஒரு கேள்வித்தாள் இன்றோ நாளையோ வரும். வரும்வரை காத்திருக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். பிள்ளைகள் எழுதும்போது பெரியவர்கள் எங்கே நிற்பார்கள் என்று கேளுங்கள். உள்ளே என்று சொன்னால், அது கூடாது என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துப் போய் அவரையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.