பார்க்காமல் சொன்ன சம்மதம்

பார்க்காத ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அது பொய்யா? அபிதகுசாம்பாளின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். அவருக்கு வந்ததா என்று தெரியாது. அவருக்கு வேலை இருந்தது.

ஆரணியில் அவரை அபிதா என்றால்தான் தெரியும். பட்டுத் தறிகளுக்குப் பாவு பிணைப்பவர். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; அது தீரப்போகும் சமயம், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழைகளை, ஒன்றன்பின் ஒன்றாக. அபிதாவுக்குச் சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் எதிர்வீடு புகையாகிவிடும். ஆனால் ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது மட்டும் கண்ணாடி இல்லாமல்தான் நன்றாகத் தெரியும். அதனால் வேலையில் உட்கார்ந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகம் இழையில் படுகிற அளவுக்குக் குனிந்துகொள்வார். வேகமானவர் என்று சொல்ல முடியாது. அவர் பிணைத்த இழை அறுந்ததில்லை, அவ்வளவுதான்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு அவருக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். முதலில் வந்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்தார்கள், கேசரியைச் சாப்பிட்டார்கள், போனவர்கள் போனவர்கள்தான். அப்பா இல்லாத வீடு. அண்ணன் பாலு ஒரு முடிவுக்கு வந்தார்.

“அடுத்த தபா கண்ணாடிய கழட்டி வெச்சிட்டு வா.”

“எனக்கு ஒண்ணுமே தெரியாதே ண்ணா.”

“நீ எதுக்குப் பாக்கணும்? அவங்கதான் உன்னப் பாக்க வராங்க.”

அடுத்து வந்தவர்கள் படவேட்டுப் பக்கத்தவர்கள். வீட்டில் தறி போட்டு ஆரணி முதலாளிக்கு நெய்து கொடுப்பவர்கள். பெண்ணின் கண்ணாடியைப் பற்றிய ஊர்ப் பேச்சு அவர்கள் காதுக்குப் போயிருக்கவில்லை. அபிதா காபித் தட்டோடு, முன்கூட்டியே நடந்து பார்த்து வைத்திருந்த வழியில், யார்மேலும் இடிக்காமல் போய் வந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் சாயம் கலைந்த துணி மாதிரி தெரிந்தார்கள். நடுவில் நீலமாக ஒரு சட்டை. நேராக உட்கார்ந்து, சத்தமில்லாமல் காபி குடித்தது. மற்றவர்கள் எல்லோரும் அந்தச் சட்டையின் பக்கம் திரும்பித்தான் பேசினார்கள். உள்ளே வந்து அம்மா கேட்டபோது, “பிடிச்சிருக்கு” என்றார் அபிதா.

தேதி குறித்ததும் பாலுவுக்குப் பயம் வந்துவிட்டது. முகூர்த்தத்தன்று பெண் தடவித் தடவி நடந்தால் என்ன ஆவது? தங்கையை வேலூருக்குக் கூட்டிப்போய்க் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அபிதா இன்றும் பேசுவார். கண்ணாடியில் எல்லாம் சிறுத்துத் தெரியும், ஓரங்கள் வளையும். லென்ஸில் உலகம் தன் அளவில் நின்றது. கடையை விட்டு வெளியே வந்து முதலில் பார்த்தது ஆரணி பஸ்ஸை.

“பஸ்சு இவ்ளோ பெருசா ண்ணா?”

“மெதுவா பேசு. கண்டக்டர் பாக்கறாரு.”

கண்ணமங்கலம் வரை ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். அப்போது அந்தச் சாலையில் புளியமரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கும். மரத்தடியில் நுங்கு விற்றவர்கள், சைக்கிளின் பின்னால் பட்டுக்கட்டை வைத்துக்கொண்டு போனவர்கள், ஓரக்கண்ணாலேயே எல்லாம் தெரிந்தது என்பார். இன்று அதே சாலையில் போகும்போது, மரங்கள் இல்லாத இடங்களை அவர் விரல் நீட்டிக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

“கண்ணாடி விஷயம் யாருக்கும் மூச்சு விடாத. தாலி ஏறட்டும், அப்பால பாத்துக்கலாம்” என்று இறங்கும்போது பாலு சொன்னார். தாலி ஏறியது. மாப்பிள்ளை தென்னரசுவின் முகத்தை அபிதா முதன்முதலில் பார்த்தது மணவறையில்தான். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அது நன்றாகத்தான் இருந்தது என்று சொல்வார். கண்ணாடி, பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் பின் தறியில் ஏறும் முதல் பாவைப் புது மருமகள் தொட்டுக்கொடுக்க வேண்டும். மற்ற மருமகள்கள் ஓர் இழையைத் தொட்டதோடு எழுந்துவிடுவார்கள். அபிதா அதையே தொழிலாகச் செய்பவர் என்பதால், முழுப் பாவையும் அவரே பிணைப்பார் என்று மாமியார் சின்னபொண்ணு தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பெண்கள் வந்து சூழ்ந்து நின்றார்கள்.

லென்ஸோடு இழையைக் கிட்டத்தில் பார்க்கப் பார்க்கக் கண் வலித்தது. தள்ளிப் பார்த்தால் இழை தெரியவில்லை. கண்ணீர் முட்டியது. பழக்கத்தில் விரலால் துடைத்துவிட்டார். விரலில் சாம்பல். மறு நொடி கண் நெருப்பாக எரிந்து, லென்ஸ் கழன்று விழுந்தது.

“யாரும் அசையாதீங்க!” என்று கத்தினார் புது மருமகள்.

“இன்னாடி விழுந்துச்சி? மூக்குத்தியா?” என்றார் சின்னபொண்ணு.

“லென்சு அத்த. கண்ணுக்குள்ள போடற கண்ணாடி.”

“கண்ணுக்குள்ள கண்ணாடியா? குத்தாது?”

தெருவே குனிந்து தேடியது. பச்சை இழைகளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் போல அது கிடந்ததைத் தென்னரசுதான் கண்டுபிடித்தார். இனி என்ன மறைக்க? அபிதா உள்ளே போய் இன்னொரு கண்ணின் லென்ஸையும் கழற்றிவைத்துவிட்டு, பெட்டியிலிருந்த கண்ணாடியை எடுத்துவந்தார், அதை நெற்றிக்கு ஏற்றினார், குனிந்தார். அதன்பின் பொழுது சாயும்வரை தலை நிமிரவில்லை. இதைத் துணிச்சல் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதியில் விட்ட பாவு சிக்கலாகிவிடும், அது அவருக்குத் தெரியும்.

மாமியாரின் கோபம் பாலுவோடு நின்றுவிட்டது. “அந்த ஆளு இங்க சோத்துக்கு வரட்டும், பேசிக்கறேன்” என்றதோடு சரி. தென்னரசு மட்டும் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் அபிதா கை கழுவும்போது வந்து நின்றார்.

“பொண்ணு பாக்க வந்தப்போ இந்த லென்சு இருந்துச்சா?”

“இல்ல. அதுக்கப்புறம்தான் வாங்கனது.”

“கண்ணாடியும் போடல.”

“போடல.”

“அப்போ என்னப் பாக்கவே இல்ல?”

“நீல சட்டை தெரிஞ்சுதுங்க. அமைதியா உக்காந்துகினு இருந்தீங்க.”

“நான் வெள்ள சட்டை. நீல சட்டை எங்க அக்கா வூட்டுக்காரரு.”

சொல்லிவிட்டுத் தென்னரசு சிரித்தார். அபிதாவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அதோடு முடியவில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் தென்னரசு, “வெள்ள சட்டைக்கு இதுவே போதும்னு நெனச்சிட்டியா?” என்பார். அக்கா வீட்டுக்காரர் வந்துபோனால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கேலி மாதிரி பேசினாலும் அது கேலி இல்லை என்று அபிதாவுக்குப் புரிந்தது. தன்னை ஒருத்தி வேண்டும் என்று சொன்னாள் என்பதை அந்த மனிதர் சில மாதங்கள் நம்பியிருந்தார். இப்போது அது கையை விட்டுப் போய்விட்டது. பிடித்திருக்கிறது என்று இனி ஆயிரம் தடவை சொன்னாலும், பார்க்காமலேயே அப்படிச் சொல்லக்கூடியவள் என்றுதானே தோன்றும்? அபிதா எதையும் சொல்லிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் தனியாக பஸ் ஏறி வேலூருக்குப் போனார். சாம்பல் பட்டுக் கெட்டுப்போன லென்ஸுக்குப் பதில் புதிது வாங்கிவந்தார். இனி எதற்கு என்று மாமியாருக்கு விளங்கவில்லை. மறைக்கத்தான் எதுவும் இல்லையே.

அதன்பின் அவர்கள் ஆரணிக்கே குடிவந்து, பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகள் படித்து வேலைக்கும் போய்விட்டார்கள். அபிதா இன்றும் வேலைக்குப் போவது தடித்த கண்ணாடியோடுதான். சந்தைக்கும், சொந்தக்காரர் கல்யாணத்துக்கும், ஃபோட்டோவுக்கும்கூட அதுதான். சாயங்காலம் தறிச் சத்தம் நின்றதும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவார். கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு லென்ஸைப் போட்டுக்கொள்வார். பிறகு தென்னரசுக்குச் சோறு போட்டு, அவர் முகம் பார்க்க எதிரில் உட்காருவார்.

“வெளிய போகச்சொல்ல கண்ணாடி, வூட்ல குந்தறதுக்கு லென்சா? எல்லாரும் மாத்தித்தானே செய்வாங்க?” என்று பக்கத்து வீட்டு அகல்யா ஒரு முறை என் முன்னாலேயே கேட்டாள்.

“உங்க வூட்ல பால் பொங்குது, போய்ப் பாரு” என்றார் அபிதா.

தென்னரசு தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.