வெள்ளாற்றுப் பக்கம் திரும்பிய காது

செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். போன வருஷம் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் ஓர் அக்கா வருவார். கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு, இழுத்துக் கட்டிய கொண்டை, கம்மல் இல்லாத பெரிய காதுகள். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் அந்தக் காதுகள் இரண்டும், பூனைக்குத் திரும்புவதுபோல, ஆற்றுப் பக்கம் திரும்பும். முகம் அசையவே அசையாது.

பரிணாமவியல் பரீட்சைக்கு முந்தின நாள் அவர் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. என் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

“என்னாம்மா படிக்கிற?”

“எச்ச உறுப்புக்கா. காத ஆட்டுற தசகூட அதுல ஒண்ணு. முன்னாடி தேவப்பட்டுது. இப்ப அதுக்கு வேல இல்ல, சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு.”

“எச்சம்னா மிச்சம்தான?” என்றார். “மிச்சத்த எதுக்கு எடுத்து வெப்பாங்க? அப்பறம் வேணும்னுதான.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பஸ் பாலத்தில் ஏறியது. காதுகள் திரும்பின.

“அங்க என்னாக்கா கேக்குது?”

“ஒனக்கு இன்னும் கேக்கலியா?”

மறுநாள் பரீட்சையில் ‘பயனற்ற உறுப்புகள்’ என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி அதையே எழுதினேன். அதன் பிறகு அவர் அந்த பஸ்ஸில் வரவில்லை.

ஜன்னலோரத்தில் இப்போது நான்தான் உட்காருகிறேன். போன வாரம் பாலத்தில் ஏறியதும் என் காதுக்குப் பின்னால் தோல் மெல்ல இழுத்தது. இன்று காலையும் இழுத்தது.

இன்னும் எதுவும் கேட்கவில்லை.