அம்மா பேர் எழுதிய தீப்பெட்டி

தூரிகை நுனியை நாக்கில் தொட்டுக் கூராக்கிக்கொண்டுதான் பொன்மணி ஒவ்வொரு பல்லையும் எடுப்பாள். எல்லாம் எலிப்பல், கேழ்வரகை விடச் சற்றுப் பெரிது. மனிதர்கள் தோன்றும் முன்பே பூண்டற்றுப் போன எலிகள். வடக்கே மலையடிவாரத்தில் அள்ளிய மண்ணைக் கரைத்துச் சலித்து, மிச்சத்தைப் பல்கலைக்கழகத்தின் பழைய உருப்பெருக்கியோடு திருத்தங்கல் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். அவள் ஆராய்ச்சி செய்யும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தீபாவளி முடிந்த லீவு அது.

அம்மா கருப்பம்மாளுக்கு அந்தத் தூரிகைதான் ஆகவில்லை. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். வெடிமருந்து ஒட்டிய கையைக் கழுவாமல் வாய்ப்பக்கம் கொண்டுபோனதே இல்லை. மகளை வைதுகொண்டே இருப்பாள்.

யாராவது சிரித்தால் பொன்மணியின் பார்வை முதலில் பல்லுக்குத்தான் போகும். "சித்தப்பா இடது பக்கம் மெல்லுறதே இல்ல போல" என்பாள். எலியிலும் அப்படித்தான். பல்லின் மேற்பரப்பில் எத்தனை மேடு, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து இனம் பிரிப்பாள். ஓர் இனத்துக்கு ஒரு காலித் தீப்பெட்டி. லேபிள் அச்சடிக்கும் அண்ணன் காளிராஜ் கொண்டுவந்து கொடுத்தவை அவை. பெட்டியின் முதுகில் பென்சிலால் பெயர் எழுதுவாள்.

ஒரு பல்லில் மட்டும் முன்பக்கத்துச் சிறு மேடு இல்லை. அப்படியென்றால் அது இதுவரை யாரும் அறியாத இனம். பெயர் வைக்கும் உரிமை அவளுக்கு. புதுப்பெட்டி எடுத்து அம்மாவின் பெயரை எழுதினாள்.

"போயும் போயும் எலிக்கா எம் பேரு? மயிலு கியிலு ஒண்ணும் கிடைக்கலையா?" என்றாள் கருப்பம்மாள். மறுநாளே கம்பெனி வேன் முழுக்கச் சொல்லிவிட்டாள். வேனில் அவள் 'எலியக்கா' ஆனாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காமல் இல்லை.

லீவின் கடைசி நாள் காலை, சாய்ந்து விழுந்த வெயிலில் பொன்மணி அந்தப் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேடு இல்லாமல் இல்லை. தேய்ந்து தரையோடு போயிருந்தது. அடித்தடம் மட்டும் மங்கலான வளையமாகத் தெரிந்தது. காளிராஜும் குனிந்து பார்த்தான். அவனுக்குப் பழுப்பாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். இதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், அம்மா ஆசைப்பட்டுவிட்டாளே என்றான்.

"பல்லுலயே இருக்கேண்ணே" என்றாள் பொன்மணி.

அடுப்படிக்குப் போய் அவளே சொன்னாள். "புது எலி இல்லம்மா. தெரிஞ்ச எலிதான். கெழட்டு எலி, மென்னு மென்னு தேஞ்சிருச்சு."

கருப்பம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு வேன்ல கேப்பாளுகளே" என்றாள்.

சற்று நேரம் கழித்து ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "வாயில வைக்காதத்தா. இதுல தொட்டுக்க."

பொன்மணி தூரிகையை அதில் நனைத்துப் பல்லை எடுத்தாள். பழைய இனத்தின் பெட்டிக்குள் வைத்து மூடினாள். புதுப்பெட்டியில் எழுதிய அம்மா பேரை அழிக்கவில்லை. அந்தப் பெட்டியைக் காலியாக, பாதி திறந்தபடியே, வரிசையின் கடைசியில் வைத்தாள்.